எத்தனை மணிக்கு மதியம்? – வாசகர் கேள்வி-பதில்

ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் அன்றாட வாழ்வைக் குறிக்கும் 'கொத்திதியானோ' என்ற சொல்லைப் பற்றி முன்னர் இந்தப் பகுதியில் இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொல்லோடு நிற்காமல், அந்தச் சொல் புழங்கும் நாடுகளில் ஒரு நாள் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கே: 'கொத்திதியானோ' என்பதற்கு 'அன்றாடம்' என்று எழுதிவிட்டால் போதாதா? தனியாக விளக்க அதில் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

ப: போதும். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். 'எத்தனை' என்று பொருள்படும் சொல்லும் 'நாள்' என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்த லத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. ஸ்பெயினில் பெரும்பாலும் பெயரடையாக வரும். 'வீதா கொத்திதியானா' என்றால் அன்றாட வாழ்க்கை. பிரேசிலில் 'கொச்சிஜியானு' என்று ஒலித்து, தனிப் பெயர்ச்சொல்லாகவே ஆள்கிறார்கள். சாவ் பாவுலோவின் பெரிய நாளிதழான 'ஃபோலா', நகரச் செய்திகள் வரும் பகுதிக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்திருக்கிறது. பேச்சில் இரு மொழியினரும் 'தியா ஆ தியா', அதாவது நாளுக்கு நாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சொல்லைவிட அது சுட்டும் பொருள்தான் ஆராயத் தக்கது. ஒரு நாட்டு மக்கள் எப்போது எழுகிறார்கள், எப்போது உண்கிறார்கள், எப்போது படுக்கிறார்கள் என்பதை அவர்களுடைய பிறவிக் குணம் என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். கீழே உள்ள பதில்களில் நான் காட்ட முயல்வது, அந்த வழக்கங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அரசாணையோ, சம்பள விதியோ, வேறொருவரின் உழைப்போ இருக்கிறது என்பதைத்தான்.

கே: மாட்ரிட்டில் வேலை பார்க்கும் என் மகன், அலுவலகத்தில் மூன்று மணி சுமாருக்குத்தான் மதிய உணவு என்றும், இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு என்றும் சொல்கிறான். வெயில் கடுமையாலா, அல்லது அவர்கள் இயல்பே அப்படியா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: வெயிலுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, இயல்புக்கு நான் பங்கு தர மாட்டேன். முதல் காரணம், மாட்ரிட்டின் கடிகாரம் சூரியனைவிடக் குளிர்காலத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரமும் கோடையில் இரண்டேகால் மணி நேரமும் முன்னால் ஓடுகிறது என்பது.

ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீனிச் தீர்க்கரேகைக்கு மேற்கே கிடக்கிறது. அதன் வடமேற்கு மூலையான கலீசியா, போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. 1901-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து கிரீனிச் நேரத்தையே பின்பற்றி வந்த இந்நாடு, 1940-ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று இரவு 11 மணிக்குக் கடிகார முள்ளை 12-க்கு நகர்த்தியது. மற்ற ஐரோப்பிய நாடுகளின் நேரத்தோடு ஒத்துப்போவது வசதி என்பதே அப்போது நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசாணையில் சொல்லப்பட்ட காரணம். ஹிட்லரை மகிழ்விக்கச் செய்த வேலை இது என்று இன்று சுற்றுலா வழிகாட்டிகள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது சற்று அதிகமாகவே சீவிச் சிங்காரித்த கதையாகப் படுகிறது. ஏனெனில் அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில் லண்டனும் பாரிஸும்கூடப் போர்க்காலத் தேவையை முன்னிட்டுத் தங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தன. வேறுபாடு பிறகுதான் வந்தது. போர் முடிந்ததும் லண்டன் பழைய நேரத்துக்குத் திரும்பியது. மாட்ரிட் திரும்பவே இல்லை.

இனி உங்கள் மகனின் சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூலை மாதத்தில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2 மணி 20 நிமிட அளவில். கலீசியாவின் வீகோ துறைமுகத்தில் 2.40-க்கு. ஆக, கோடையில் 2 மணிக்குச் சாப்பிட உட்காரும் மாட்ரிட்காரர், சூரியக் கணக்கில் உச்சிப்பொழுதுக்கு முன்னரே இலை போட்டுவிட்டார். இரவு 10 மணி என்பதும் அதே கணக்கில் 7.45-தான். வயிறு சூரியனோடு இருக்கிறது. கடிகாரம்தான் விலகிப் போயிருக்கிறது.

அப்படியானால் தொல்லை எங்கே என்றால், அலுவலகமும் பள்ளியும் சூரியனைப் பார்ப்பதில்லை. அவை மற்ற ஐரோப்பிய நாடுகளைப் போலவே 8 மணிக்கோ 9 மணிக்கோ தொடங்குகின்றன. மாலையில் தொலைக்காட்சியின் முக்கிய நிகழ்ச்சிகள் இரவு பத்தரைக்குப் பின்னரே ஆரம்பமாகின்றன. காலை முனை நிலையாக நிற்க, இரவு முனை மட்டும் தள்ளிப் போனதில் கரைவது தூக்கம். ஜனவரி மாதம் கலீசியாவில் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு 9 மணிக்குத்தான் பொழுது விடிகிறது.

இரண்டாவது காரணம் சம்பளம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமையில் ஒரே வேலையின் ஊதியம் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாமல், காலையில் ஓரிடத்திலும் மாலையில் இன்னோரிடத்திலும் வேலை பார்ப்பது நகரங்களில் பரவலான வழக்கமாயிற்று. இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவேளை. இரண்டாவது வேலை முடிந்த பிறகே இரவு உணவு. வேலை ஒன்றாகக் குறைந்த பின்னும் அந்த இடைவேளையும் அந்த இரவு நேரமும் அப்படியே தங்கிவிட்டன.

இத்தனை தாமதத்தை உடம்பு எப்படித் தாங்குகிறது என்று கேட்பீர்கள். இடையில் சிறு உணவுகள் உண்டு. எழுந்ததும் ஒரு காப்பியும் பிஸ்கட்டும். அதைச் சாப்பாடு என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. பத்தரை, பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குக் கீழே உள்ள பாருக்கு இறங்கி, வாட்டிய ரொட்டித் துண்டின் மேல் அரைத்த தக்காளியைத் தடவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பால் காப்பியோடு நின்றபடியே சாப்பிடுவார்கள். பார் என்றதும் மதுக்கடையை நினைக்க வேண்டாம். அங்கே அது நம் டீக்கடையும் டிபன் கடையும் சேர்ந்த இடம். மாலை ஆறு மணி சுமாருக்குக் குழந்தைகளுக்கு 'மெரியெந்தா' என்னும் சிற்றுண்டி. நடுவில் வரும் மதிய உணவே நாளின் பெரிய உணவு. கடைவாசலில் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கும் 'மெனு தெல் தியா'வில் முதல் வட்டம், இரண்டாம் வட்டம், பழம் அல்லது இனிப்பு, ரொட்டி, குடிக்க ஏதாவது ஒன்று என எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும். பாட்டி காலத்து வழக்கம் போலத் தோன்றும் இதற்கும் மூலம் ஓர் ஆணைதான். 1960-களின் நடுவில், சுற்றுலாத் துறை அமைச்சராக இருந்த மனுவேல் ஃப்ராகா, வெளிநாட்டுப் பயணிகளுக்காக உணவகங்கள் நிலையான விலையில் ஒரு முழுச் சாப்பாடு தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். பயணிகளுக்காக வந்த சாப்பாட்டை உள்ளூர் எழுத்தர்களும் கட்டடத் தொழிலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை என்றால் மாட்ரிட்டின் பல கடைகளில் முதல் வட்டம் பாயேயா என்னும் அரிசி உணவாக இருக்கும். உங்கள் மகனைக் கேட்டுப் பாருங்கள்.

கே: ஸ்பெயினில் எல்லோரும் மதியம் தூங்குவார்களாமே?
– ஒரு வாசகி, சென்னை

ப: எல்லோரும் தூங்குவதில்லை. 'சியெஸ்தா' என்ற சொல், விடியலிலிருந்து ஆறாவது மணியைக் குறிக்கும் லத்தீன் வழக்கிலிருந்து வந்தது. தெற்கே ஆந்தலூசியாவில் வயலில் வேலை செய்தவர்களுக்கு உச்சி வெயிலில் அது ஆடம்பரம் அல்ல, தேவை. இன்றைய மாட்ரிட்டில் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஒரு மணி நேரப் பயணம் இருக்கும் ஒருவர் எங்கே போய்த் தூங்குவது? சிறு நகரங்களில் 2 மணிக்கு இழுத்து மூடிய கடைகளின் இரும்புக் கதவுகள் 5 மணிக்கு மேலேறுவதைப் பார்த்துவிட்டு, ஊரே உறங்குகிறது என்று பயணிகள் எழுதிவிடுகிறார்கள். உள்ளபடி அந்தக் கடைக்காரர் வீட்டில் சமைத்துக்கொண்டோ, கணக்கு எழுதிக்கொண்டோ, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டோ இருக்கிறார். 5 மணிக்குத் திறந்த கடையை இரவு எட்டரை வரை நடத்தவும் வேண்டும். இரண்டாகப் பிளந்த இந்த வேலை நாளைத்தான் அங்குள்ள ஊழியர்கள் வெறுக்கிறார்கள். கோடையில் பல நிறுவனங்கள் காலை 8 முதல் பிற்பகல் 3 வரை ஒரே மூச்சில் வேலையை முடித்துவிடும் முறைக்கு மாறும்போது அவர்கள் படும் மகிழ்ச்சி சொல்லி முடியாது.

மாற்ற முயலாமலும் இல்லை. 2013-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கிரீனிச் நேரத்துக்குத் திரும்புவதை ஆராயுமாறு பரிந்துரைத்தது. 2016-இல் பிரதமர் மரியானோ ரஹோய், வேலை நாள் மாலை 6 மணிக்கு முடிய வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். கடிகாரம் அசையவில்லை.

கே: எட்டு மணி நேர வேலை என்பது அங்கே எப்போது வந்தது? மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், நெய்வேலி

ப: உங்கள் துறையினர் வாங்கித் தந்ததுதான். 1919-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், பார்சலோனாவுக்கு மின்சாரம் வழங்கிய நிறுவனம் எட்டு அலுவலக ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. கனடாவில் பதிவான முதலீட்டில் நடந்ததால் மக்கள் அதை 'லா கனடியென்ஸே' என்றே அழைத்தார்கள். அந்த எட்டுப் பேருக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாள் நீடித்தது. தெரு விளக்குகள் அணைந்தன, டிராம்கள் நின்றன, ஆலைகள் மூடின. தொழிலாளருக்கு எதிரான செய்திகளை அச்சுக்கோக்க மாட்டோம் என்று அச்சுத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். மார்ச் 19 அன்று காளைச் சண்டை மைதானம் ஒன்றில் திரண்ட பெருங்கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் சால்வதோர் செகி பேசி, கிடைத்ததை ஏற்று வேலைக்குத் திரும்பச் சம்மதிக்க வைத்தார். ஏப்ரல் 3 அன்று எட்டு மணி நேர வேலைக்கான ஆணை வெளியாயிற்று. அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் போர்ச்சுகலும் ஆணை பிறப்பித்தது.

ஆணை வேறு, நடப்பு வேறு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊழியரும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார் என்பதை நிறுவனங்கள் நாள்தோறும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி ஸ்பெயினில் 2019 மே மாதத்தில்தான் வந்தது. இடையில் சரியாக ஒரு நூற்றாண்டு.

கே: பக்கத்திலேயே இருக்கும் போர்ச்சுகலுக்கு மட்டும் நேரம் ஒரு மணி குறைவாக இருப்பது ஏன்? அவர்கள் நாளும் இப்படித்தானா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: போர்ச்சுகலும் ஒருமுறை ஆசைப்பட்டுப் பார்த்தது. வணிகத்துக்கு வசதி என்று 1992-இல், ஸ்பெயின் பின்பற்றும் மத்திய ஐரோப்பிய நேரத்தை ஏற்றது. டிசம்பரில் லிஸ்பனில் சூரியன் உதிக்க 8.50 ஆயிற்று, ஜூனில் அடைய இரவு 10-ஐத் தாண்டிற்று. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போனார்கள், வெளிச்சத்தில் படுக்க மறுத்தார்கள். 1996-இல் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. ஒரு நாடு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது முடியாத காரியமல்ல என்பதற்கு ஸ்பெயினின் அண்டை வீடே சாட்சி.

ஆகவே அங்கே மதிய உணவு பன்னிரண்டரையிலிருந்து 2 மணிக்குள்; இரவு உணவு 8 மணி சுமாருக்கு. நாளைத் துண்டு போடுவது காப்பிதான். சிறிய கோப்பையில் இரண்டே மிடறு வரும் கறுப்புக் காப்பிக்கு லிஸ்பனில் 'பிக்கா' என்று பெயர். வடக்கே போர்த்து நகரில் பழைய ஆட்கள் காப்பி எந்திரத்தின் பெயரால் 'சிம்பாலினு' என்பார்கள். மதியச் சாப்பாடு எங்கே முடிந்தாலும், அதன் பிறகு பலகாரக் கடையின் நீண்ட மேடையோரம் நின்று, சர்க்கரைப் பொட்டலத்தை இரண்டு தட்டுத் தட்டிக் கிழித்துப் போட்டு, கலக்கிக் குடித்துவிட்டுச் சில்லறையை வைத்துவிட்டுக் கிளம்புவது ஐந்து நிமிட வேலை. அதில் அவசரம் தெரியாது, பேச்சும் குறையாது.

அன்றாடத்தை மாற்றிய அண்மைக்கால நடவடிக்கைகள் என்று இரண்டைச் சொல்வேன். 2019 ஏப்ரலில் லிஸ்பன் பெருநகரப் பகுதி முழுவதற்கும் பேருந்து, ரயில், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 40 யூரோவுக்கு ஒரே பயணச் சீட்டு வந்தது. அதுவரை ஆற்றின் மறுகரையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அதைவிடக் கூடுதலாகச் செலவழித்து வந்தார்கள். அடுத்தது, வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியரைத் தொடர்பு கொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்று 2021-இல் இயற்றி 2022 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம்.

கே: பிரேசிலில் அன்றாடச் சாப்பாடு என்ன? கால்பந்தும் கார்னிவலும் தவிர அந்நாட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே.
– ஒரு வாசகி, மதுரை

ப: நியாயமான குறை. கார்னிவல் சில நாள்; சோறும் பயறும் வருடம் முழுவதும். 'அஹோஸ் இ ஃபெய்ஜாவ்', அதாவது வெள்ளைச் சோறும் குழம்பாக வேக வைத்த பயறும் தான் ஏழை பணக்காரர் எல்லோருக்கும் மதிய உணவின் அடித்தளம். ரியோவில் கறுப்புப் பயறு. சாவ் பாவுலோவில் இளம்பழுப்புப் பயறு. பூண்டு தாளித்து, குக்கரில் விசில் விட்டு வேக வைப்பதால், காலை 11 மணிக்கு எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறினாலும் குக்கரின் சீறலும் பூண்டு வாசனையும் எதிர்கொள்ளும். சாப்பாடு 12 மணிக்கு. ஸ்பெயினின் கணக்கு இங்கே செல்லாது.

காலையில் 'படரியா' என்னும் ரொட்டிக் கடை. 'பிரெஞ்சு ரொட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு, பிரான்சில் எங்கும் காணக் கிடைக்காத, சுமார் 50 கிராம் எடையுள்ள மொறுமொறுப்பான சிறு ரொட்டியை வாங்க வரிசை நிற்கும். அதை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி, இரும்புக் கல்லில் அழுத்தி வாட்டிப் பால் காப்பியோடு தருவார்கள். எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த இந்த ரொட்டியை எடை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று 2006-இல் அரசு விதித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. எண்ணி விற்றவரை விலை ஏறாமலே ரொட்டி சிறுத்துக்கொண்டு வர வழி இருந்தது என்பதால், அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன்.

சாவ் பாவுலோவின் எளிய உணவகங்களில் கிழமைக்கு ஒரு சாப்பாடு உண்டு. திங்களன்று 'விராடு': மாவு சேர்த்துக் கிளறிய பயறு, சோறு, கீரை, பன்றி இறைச்சித் துண்டு, பொரித்த முட்டை, பொரித்த வாழைப்பழம். புதனும் சனியும் கறுப்புப் பயறும் பன்றி இறைச்சியும் சேர்த்து வேக வைத்த 'ஃபெய்ஜுவாடா', வியாழன் பாஸ்தா, கத்தோலிக்க விரதத்தின் மிச்சமாக வெள்ளியன்று மீன். தட்டைப் பார்த்தே கிழமை சொல்லிவிடலாம். வீதிகளுக்கும் அப்படித்தான் முறை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் தெருச் சந்தை கூடும், அன்றைக்குக் கரும்புச் சாறும் எண்ணெயில் பொரித்த 'பஸ்தேல்' என்னும் மெல்லிய மடிப்புப் பலகாரமும் அதன் ஓரத்தில் கிடைக்கும்.

தொழிலாளி உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பின்னாலும் ஒரு சட்டம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த தொழிலாளர் உணவுத் திட்டம், ஊழியர்களின் உணவுக்குச் செலவிடும் நிறுவனங்களுக்கு வரிச் சலுகை தந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பல ஊழியர்களின் சட்டைப்பையில் இருக்கும் உணவு அட்டை. மதிய உணவு விடுதிகள் தெருவுக்குத் தெரு பெருகியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அட்டை இல்லாத முறைசாராத் தொழிலாளி இன்றும் வீட்டிலிருந்து 'மர்மிட்டா' என்னும் தூக்குப் பாத்திரத்தைத்தான் கொண்டு போகிறார்.

இரவை வகுத்தது தொலைக்காட்சி. 1969-இல் தொடங்கிய தேசியச் செய்தியறிக்கைக்கு முன்னும் பின்னும் தொடர் நாடகங்களை வைத்தார்கள். அவற்றின் நடுவே குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டன. 'எட்டு மணி நாடகம்' என்று பெயர் பெற்ற தொடர், 9 மணிக்குத் தள்ளிப்போன பிறகும் பல ஆண்டுகள் எட்டு மணி நாடகமாகவே அழைக்கப்பட்டது. அது முடிந்த பின்னரே புதன்கிழமைக் கால்பந்து ஆட்டம் நெடுங்காலம் தொடங்கி வந்ததால், மைதானத்துக்குப் போனவர்கள் நள்ளிரவில் கடைசிப் பேருந்துக்கு ஓடினார்கள்.

கே: எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவதாகவே எழுதுகிறீர்கள். சமைப்பது யார், பாத்திரம் கழுவுவது யார் என்று எழுத மாட்டீர்களா?
– ஒரு வாசகி, சேலம்

ப: இதற்குத்தான் நீண்ட பதில் எழுத விரும்பினேன்.

பிரேசிலின் நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடம், வீட்டுப் பணிப்பெண்களின் தோள் மேல் நடந்து வந்திருக்கிறது. அடிமை முறை 1888-இல்தான் ஒழிந்தது; ஆனால் கட்டடக் கலைஞர்கள் அதற்குப் பின் நூறு ஆண்டுகளாகியும் அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் சின்ன அறையைப் பணிப்பெண்ணுக்கென்று வரைந்துகொண்டிருந்தார்கள். கட்டடத்துக்கு இரண்டு மின்தூக்கிகள்: ஒன்று வீட்டாருக்கு, மற்றொன்று மூட்டைக்கும் குப்பைக்கும் வேலைக்காரருக்கும். இனம், நிறம், சமூக நிலை முதலியவற்றைக் காரணம் காட்டி மின்தூக்கியில் யாரையும் தடுக்கக் கூடாது என்று சாவ் பாவுலோ நகராட்சி 1996-இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்த வாசகம் பொறித்த தகடு இன்றும் அந்நகர மின்தூக்கிகளின் அருகே மாட்டப்பட்டிருக்கிறது. நாள்தோறும் ஏறி இறங்குபவர்கள் அதைப் படிப்பதில்லை. புதிதாகப் போகிறவர்தான் நின்று படிக்கிறார்.

மற்றத் தொழிலாளருக்கு 1943-லேயே தொகுக்கப்பட்ட வேலை நேரச் சட்டங்கள் வீட்டுப் பணியாளருக்கு எட்டவில்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், மிகை நேரத்துக்குத் தனிக் கூலி என்னும் உரிமைகள் அவர்களுக்கு 2013-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் கிடைத்தன. விரிவான சட்டம் 2015-இல் வந்தது. ஸ்பெயினும் இதில் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. அங்கே வீட்டுப் பணியாளர்களுக்கு வேலையிழப்புக் கால உதவித்தொகை பெறும் உரிமை 2022-இல் வந்தது.

ஏழைப் பெண்ணின் ஒரு நாள் எப்படியிருந்தது என்பதை அவளே எழுதி வைத்ததும் உண்டு. கரோலினா மரியா தெ ஜேசுஸ், சாவ் பாவுலோவின் தியேத்தே ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் மூன்று குழந்தைகளோடு வாழ்ந்த கறுப்பினப் பெண். தெருவில் பழைய காகிதமும் இரும்பும் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர். குப்பையில் கிடைத்த நோட்டுகளில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1960-இல் நூலாக வந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அது 1955-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று தொடங்குகிறது. அன்று அவருடைய மகளுக்குப் பிறந்தநாள். புதுச் செருப்பு வாங்கித் தர ஆசை. ஆனால் உணவுப் பொருள்களின் விலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. குப்பையில் கண்டெடுத்த ஒரு ஜோடியைக் கழுவி, தைத்து மாட்டிவிடுகிறார். அந்த நாட்குறிப்பில் காலை என்றால் குடிசைப் பகுதிக்கே பொதுவான ஒரு குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்பது; மாலை என்றால் அன்று பொறுக்கியதை விற்ற காசுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பயறு என்ற கணக்கு. நான் மேலே மதுரை வாசகிக்கு எழுதிய சோறும் பயறும் அவருக்குக் கிடைத்த நாள்களும் உண்டு, கிடைக்காத நாள்களும் உண்டு. பசியை ஓர் எண்ணமாக அல்லாமல் மணிக்கணக்காக எழுதியவர் என்ற முறையில், அன்றாடத்தைப் பற்றிப் பேசும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது என்பது என் கருத்து.

கே: தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் வேலை செய்கிறேன். பிரேசிலில் ஆறு நாள் வேலையை ஒழிக்கப் போராட்டம் நடந்ததாகப் படித்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், ஓசூர்

ப: உண்மை. 1988-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, வார வேலையை 48-லிருந்து 44 மணி நேரமாகக் குறைத்தது. முதலாளிகள் அதை ஆறால் வகுத்து, நாளுக்கு 7 மணி 20 நிமிடம் என்று ஆறு நாளுக்கும் பரப்பிவிட்டார்கள். கடைகள், உணவகங்கள், மருந்தகங்கள் எல்லாவற்றிலும் இதே முறை. 'ஆறுக்கு ஒன்று' என்று அதற்குப் பெயர். 2023-இல் ரியோவில் மருந்துக்கடை ஊழியராக இருந்த ரிக் அசெவேது, இந்த முறையால் தனக்கென்று ஒரு வாழ்க்கையே இல்லை என்று கொதித்துப் பேசிய காணொளி பரவி ஓர் இயக்கமாயிற்று. அடுத்த ஆண்டு அவர் ரியோ நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் எரிக்கா ஹில்டன் அந்தக் கோரிக்கையை அரசியலமைப்புத் திருத்தமாக முன்வைக்க, 2024 நவம்பரில் தேநீர் மேசை வரை இதே பேச்சாக இருந்தது. ஒரே விடுமுறை நாளில் துணி துவைத்து, வீடு கூட்டி, சந்தைக்குப் போய் வந்தால் விடுமுறை எங்கே என்ற அவர்களுடைய கேள்வி உங்களுக்கு விளங்காமல் இராது.

கே: எங்கள் ஊரைப் போர்த்துகீசியர் ஆண்டார்களே. அவர்களுடைய அன்றாடம் எங்களிடம் ஏதேனும் தங்கியிருக்கிறதா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ப: இந்தக் கடிதத்தை எழுத நீங்கள் உட்கார்ந்த கதிரையும், எழுதிய மேசையும், பக்கத்திலிருந்த யன்னலும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களே. காலையில் சாப்பிடும் பாண், சமைக்கும் குசினி, தாச்சி, துணி வைக்கும் அலுமாரி, காலில் சப்பாத்து, கையில் லேஞ்சி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை நாற்பதாண்டுக்கும் குறைவாகவே அவர்கள் நேரடி ஆட்சியில் இருந்தது. சொற்கள் அதைப் போலப் பத்து மடங்கு காலம் நிலைத்துவிட்டன. தமிழ்நாட்டிலும் சாவி, ஜன்னல், அலமாரி, பொத்தான், ஏலம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நான் கவனிப்பது, அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டவற்றில் பெரும்பகுதி வீட்டுக்குள் கைபடும் பொருள்கள் என்பதுதான். கோட்டைகளைக் கட்டியவர்களை விட, அவர்களோடு வந்த தச்சரும் ரொட்டி சுடுபவரும், இங்கேயே மணம் முடித்துத் தங்கிய சிப்பாய்களும் நம் மொழியில் அதிகமாகக் குடியேறியிருக்கிறார்கள்.

கே: மகளைப் பார்க்க நானும் மனைவியும் வலென்சியா நகருக்குச் செல்கிறோம். இருவரும் சைவம். சாப்பாட்டு நேரம் பற்றிச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: மதிய உணவுக்கு ஒன்றரை மணிக்கு முன் போனால் சமையலறை ஆயத்தமாக இராது, மூன்றரை, நான்குக்குப் பின் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு எட்டரைக்கு முன் சுற்றுலாக் கடைகளைத் தவிர எங்கும் சாப்பாடு எதிர்பார்க்காதீர்கள். இடையில் பசித்தால் முற்பகல் 10 மணிக்கு வலென்சியாவில் 'எஸ்மொர்சார்' என்னும் வழக்கம் இருக்கிறது. நீண்ட ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு ஆம்லெட், பக்கத்தில் தோலோடு வறுத்த வேர்க்கடலையும் ஊறிய ஆலிவ் காயும். நீங்கள் முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் ஆம்லெட் வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். பாயேயா அந்த ஊரின் உணவு. ஆனால் அரிசியை இரவில் உண்பது உள்ளூர்க்காரருக்கு வழக்கமில்லை என்பதால் மதியமே கேளுங்கள். காய்கறிப் பாயேயா கிடைக்கும், எனினும் அதை எந்தச் சாற்றில் வேக வைத்தார்கள் என்று உங்கள் மகளை விட்டுக் கேட்கச் சொல்வது நல்லது. 'காய்கறி' என்று எழுதிய தட்டில் பன்றி இறைச்சித் துணுக்குகளும், 'சாலட்' என்று எழுதியதில் சூரை மீனும் இருப்பது அங்கே சாதாரணம். 'சின் ஹமோன், சின் ஆதூன்' (பன்றி இறைச்சி இல்லாமல், சூரை மீன் இல்லாமல்) என்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல பகுதிகளில் பெரிய மளிகை அங்காடிகள் மூடியிருக்கும்; அரிசியும் தயிரும் சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிடுங்கள்.